திரையில் இருந்த கிரீடம்

அமெரிக்காவில், எடிசன் நகரில், ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அம்மாக்கள் மட்டும். வீட்டுப்பாடம் என்ன, பொங்கல் விழாவுக்கு யார் சமோசா கொண்டுவருவது என்று கேட்பதற்காகத் தொடங்கிய குழு. ஆனால் அதில் அதிகம் வருவது பரிசுப் படங்கள்தான். கணிதப் போட்டியில் இரண்டாமிடம் வந்த பையன், ஸ்பெல்லிங் போட்டியில் மாநிலச் சுற்றுக்குப் போன பெண், ரோபோ செய்தவன், அரங்கேற்றம் முடித்தவள். படம் வந்த மறுநிமிடம் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். நானும் தட்டுவேன். தாமதமாகத் தட்டினால் பொறாமை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, வேலைக்கு நடுவே மாவுக்கையோடு கூடத் தட்டியிருக்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஓக் ட்ரீ ரோட்டில் ஓர் உணவகத்தின் சமையலறையில் மாவு அரைப்பதும் சட்னி தாளிப்பதும் என் வேலை. கணவருக்கு மளிகைச் சாமான் கிடங்கில் வேலை. குழுவில் மற்றவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை, மருத்துவமனை வேலை. அவர்கள் யாரும் என்னை ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை. இருந்தாலும் எட்டு வருஷத்தில் அந்தக் குழுவில் நான் போட்ட படம் என்று ஒன்றுகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். மேசையைத் துடைக்கப் போன நான் திரையைப் பார்த்தேன். பெயர்களின் நீளமான பட்டியல். முதல் வரியில் ஒரு தங்கக் கிரீடம், அதன் பக்கத்தில் நாங்கள் வீட்டில் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர். அதற்குக் கீழேதான் மற்ற எல்லோரும். 'ஹெல்த்' என்று படித்தேன். 'பாயின்ட்ஸ்' என்று படித்தேன். ஹெல்த்துக்கு முன்னால் இன்னொரு சொல்லும் இருந்தது. அதைப் படிக்க நான் நிற்கவில்லை.

படம் எடுத்தேன். 'என் மகள் ஹெல்த் போட்டியில் முதலிடம், எல்லாம் உங்கள் ஆசீர்வாதம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

கைதட்டல் கொட்டியது. "அக்கா, சொல்லவே இல்ல பாத்தீங்களா!" என்றார் ஒருவர். "லிங்க் போடுங்கக்கா, என் பையனும் சேரட்டும், காலேஜ் அப்ளிகேஷன்ல போடலாம்" என்றார் இன்னொருவர். திரையின் மேலே இருந்த முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன். தப்பாகிவிடுமோ என்று மூன்று தடவை சரிபார்த்துத்தான் அனுப்பினேன்.

அதன்பிறகு குழுவில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில், குழுவில் இருக்கும் அம்மாக்களில் தமிழ்ப் பள்ளியைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அது என்ன கேம்னு பாத்தீங்களா?"

"ஹெல்த் தானே? சத்து, வைட்டமின்…"

"வைட்டமின் இல்லக்கா." குரல் தாழ்ந்தது. "செக்ஸுவல் ஹெல்த். ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வர்ற நோய், அதுக்கு டெஸ்ட், கர்ப்பம் ஆகாம பாத்துக்கறது, எல்லாத்தையும் பசங்களுக்கு வெளையாட்டா பண்ணி வெச்சிருக்காங்க. மொதல்ல டெலீட் பண்ணுங்க."

உடனே குழுவைத் திறந்தேன். செய்தியை அழுத்திப் பிடித்தேன். அழிக்கவா என்று போன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஈரத்தலையில் துண்டோடு மகள் வந்து நின்றாள். அவள் கையிலும் போன். தமிழ்ப் பள்ளித் தோழிகள் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"அம்மா, சீரியஸ்லி? குரூப்ல போட்டியா?"

"தெரியாம போட்டுட்டேன்டி. இதோ, அழிச்சிடறேன்."

"தெரியாமதான்!" என்றவள் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். ஆறு மாதமாக இதைச் செய்துகொண்டிருக்கிறாளாம், ஒருநாளாவது என்ன செய்கிறாய் என்று கேட்டேனா, கிரீடத்தைப் பார்த்ததும் படம் மட்டும் எடுக்கத் தெரிந்ததா. பாதி புரியாவிட்டாலும், மீதியை முகம் சொல்லிவிட்டது. "டெலீட் பண்ணா நான் ஏதோ தப்பு பண்ணேன்னுதான் எல்லாரும் நெனப்பாங்க" என்று தமிழில் முடித்தாள்.

பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். பள்ளியில் ஹெல்த் வகுப்பில் கொடுத்த விளையாட்டாம் அது. நன்றாக விளையாடிய சிலரை, கோடை விடுமுறையில் புதுக் கேள்விகளும் கதைகளும் எழுதும் குழுவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அவர்களில் இவளும் ஒருத்தி. பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். மூன்று வாரமாக அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டுதான் பால் எடுத்தேன். சுற்றுலாவுக்கான அனுமதி என்று நினைத்திருந்தேன்.

"கையெழுத்துப் போடுவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

நான் காகிதத்தை நேராக்கி, காந்தத்தை மறுபடி அழுத்தி வைத்தேன்.

மறுநாள் தமிழ்ப் பள்ளி. பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும் கேன்டீனில் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டு அம்மாக்கள் உட்காருவது வழக்கம். நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது.

"உங்கள தப்பு சொல்லலக்கா" என்று ஆரம்பித்தார் பள்ளியைப் பார்த்துக்கொள்பவர். "ஆனா நம்ம பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு இப்பவே?"

"நீங்க வேற. என் பையன் அந்த லிங்க்க ஓப்பன் பண்ணி மத்தியானம் வரைக்கும் அதுலயே ஒக்காந்திருக்கான். நான் கணக்குப் போடறான்னு நெனச்சேன். நானூறு பாயின்ட்!" என்றார் அன்று லிங்க் கேட்டவர்.

"நானூறா? என் பொண்ணு முன்னூத்தம்பதுதான்னு சொன்னா" என்றார் பக்கத்தில் இருந்தவர். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார். மேசையில் சிரிப்பு வெடித்தது. பள்ளியைப் பார்த்துக்கொள்பவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்கிற விஷயமா இது? அக்கா, அந்தக் கோடை குரூப்புக்கு உங்க பொண்ண அனுப்பப் போறீங்களாமே? பசங்க சொன்னாங்க. எழுத ஆரம்பிச்சா பேரு வெளிய வரும். நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது நாலு பேர் பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இல்ல, அனுப்பல" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிளாஸ்க்கை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அன்று மாலை கணவரிடம் கேட்டேன். வீட்டில் ஆங்கிலக் காகிதம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவது அவர்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்கு இதப் பத்தி அவகிட்ட பேச வராதும்மா. நீ பாத்து எது சரின்னு படுதோ செய்" என்றார். நான் மாடிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். பெயர் வெளியே வந்தால்? யாராவது அவள் படத்தை ஊருக்கு அனுப்பினால்? அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போய், அணைத்திருந்ததைப் பார்த்தும் அங்கேயே நின்றேன். பார்த்துச் செய் என்கிறார். நான் எதைப் பார்த்தேன்? கிரீடத்தை மட்டும்தான்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. மகள் பள்ளிக்குப் போன பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து, குழுவில் நான் அனுப்பிய அதே லிங்க்கைத் திறந்தேன். அதை அழிக்கவில்லை என்பது அப்போதுதான் உதவியது. ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தியதும் ஒரு பெண் நிதானமாகப் படித்துக் காட்டினாள். புரியாத சொல்லைப் போனில் தமிழில் மாற்றிப் பார்த்தேன். எனக்கு ஐந்து இதயங்கள் கொடுத்தார்கள். தப்பாகச் சொன்னால் ஒன்று போய்விடும், பாயின்ட்டும் குறையும்.

முதல் கேள்வி: ஒருவருக்கு நோய் இருந்தால் பார்த்தாலே தெரியுமா? தெரியும் என்றேன். ஓர் இதயம் போனது. பல நேரம் எந்த அறிகுறியும் இருக்காது, பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்றாள் அந்தப் பெண். அடுத்தது: ஒருவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தமா? என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் பேசாமல் நின்றதைத்தான் சம்மதம் என்று வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். ஆமாம் என்று அழுத்தினேன். இன்னோர் இதயமும் போனது.

மூன்றாவது கட்டத்தில் ஒரு சின்னக் கதை. ஒரு பெண்ணின் போனுக்கு யாரோ ஒரு பையன் கேட்காமலே செய்தி அனுப்புகிறான். அவள் வந்து உங்களிடம் சொல்கிறாள். நீங்கள் முதலில் என்ன சொல்வீர்கள்? மூன்று பதில்கள். 'அவன் ஏன் உனக்கு அனுப்பினான்?' என்பதைத்தான் தொட்டேன். யோசிக்கவே இல்லை, விரல் போய்விட்டது.

இதயம் உடைந்து விழுந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் என் பூகோள நோட்டுக்குள் எவனோ ஒரு கடிதம் வைத்துவிட்டான். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. முதலில் பார்த்தவன் என் அண்ணன். அன்று வீட்டில் என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான்: "அவன் ஏன் ஒனக்கு எழுதினான்?" பதில் எனக்கே தெரியாது. என்ன தப்பு நடந்தது, என்ன நடந்திருக்கக்கூடும் என்று சொல்லக்கூட எனக்கு வார்த்தை இல்லை. பேசாமல் நின்றேன். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. தெரு பேசும் என்றார்கள். என்னை நிறுத்திய பிறகுதான் தெரு பேசியது.

போனைத் திருப்பி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாட்டை மறந்து விளையாடினேன். மகள் பையோடு உள்ளே வந்தபோது நான் மூன்றாம் கட்டத்தில்தான் இருந்தேன்.

"நீயா? இதையா?" பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "மைனஸ் எய்ட்டியா! அம்மா, இதுல மைனஸ்ல போக முடியும்னே எனக்குத் தெரியாது."

"சும்மா இருடி. இங்க என்ன சொல்லணும், அதச் சொல்லு."

"மாட்டேன். அது சீட்டிங். நீயே படி." ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'அது உன் தப்பில்லை, உனக்கு என்ன வேண்டும்?' என்பதை நானாகத் தொடும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காந்தத்தை எடுத்துக் காகிதத்தை மேசையில் வைத்தேன். பழக்கமில்லாததால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது கையெழுத்து. இருந்தாலும் என் பெயர் முழுதாக இருந்தது. மகள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் தோளில் ஒரு தடவை முகத்தை வைத்து எடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

உணவகத்து வாசலில், உள்ளே போகும் முன் குழுவைத் திறந்தேன். விளையாட்டுப் பட்டியலில் என் பெயர் இருந்த அடிவரியைப் படம் எடுத்துப் போட்டு, கீழே எழுதினேன்: 'மகளைக் கோடைக் குழுவுக்கு அனுப்பவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். இப்போது அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் போட்டியில் நானும் சேர்ந்திருக்கிறேன். கடைசி இடம்.'

அனுப்பிவிட்டுப் போனை ஏப்ரன் பைக்குள் போட்டேன். ஊறவைத்த உளுந்தை வடிகட்டி கிரைண்டரில் போட்டுக்கொண்டிருக்கும்போது அது அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. வழக்கமாக ஒரே அதிர்வுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறவள் நான். அன்று உளுந்து அரைபட்டு முடியும்வரை தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டுக்கொண்டே நின்றேன்.