பாம்பின் இடது கண்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் பின்பக்கம் ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்து, உடைந்த பிரேமையும் கழன்ற திருகாணியையும் சரிசெய்வார். 'உடனடியாகச் சரிசெய்து தரப்படும்' என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கும். அதனால் கடையில் அவருக்கு 'உடனடி' என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான், ஆனால் இங்கே அது பாராட்டு இல்லை. ஆடுகிற நாற்காலியைப் பார்த்துவிட்டால் அவருக்கு அதில் உட்காரத் தெரியாது, தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார். ஒருமுறை ஃப்ரிட்ஜ் கைப்பிடி லேசாக ஆடுகிறது என்று இறுக்கினார். அப்புறம் ஒரு வாரம் கதவையே திறக்க முடியவில்லை. அக்கா சண்டைக்குப் போனால், "இப்ப ஆடுதா சொல்லு" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் பாம்பு வளர்க்கக் கிளம்பினார். மகள் கல்யாணமாகிப் போனதும் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. நாய், பூனை என்றால் ரோமம். ரோமம் பட்டாலே அக்காவுக்கு அடுக்குத் தும்மல். பாம்புக்கு ரோமமும் கிடையாது, சத்தமும் கிடையாது என்று வாதாடி, செல்லப்பிராணிக் கடையிலிருந்து ஒரு பந்து மலைப்பாம்புக் குட்டியைக் கொண்டுவந்துவிட்டார். விஷமில்லாத ஜாதி. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான் அதன் வீரம். மகளின் அறையில் கண்ணாடித் தொட்டி வைக்கப்பட்டது. "அந்த ரூமுக்குள்ள இனி என் கால் படாது" என்று அக்கா அறிவித்தாள்.

ஆரம்பத்தில் அவர் மேலிருந்து கையை விட்டுத் தூக்குவார். அது உடனே பந்தாகிவிடும். மேலிருந்து இறங்குவதெல்லாம் அதற்குப் பருந்துதான் என்று பாம்பு விற்ற கடைக்காரர் சொன்ன பிறகு, பக்கத்திலிருந்து மெதுவாகக் கையை நுழைத்து வயிற்றைத் தாங்கி எடுக்கப் பழகினார். ஒரு சாயங்காலம் அது தானாகவே சுருள் பிரிந்து, அவர் முழங்கையைச் சுற்றி ஏறி, சட்டைக் காலருக்குள் தலையை வைத்துக்கொண்டது. சாப்பாடு ஆறியும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்த மனிதர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். உள்ளூர எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இதுக்கு இமையே கிடையாது மாப்ள" என்றார் என்னிடம். "கண்ணுக்கு மேல லென்ஸ் மாதிரி ஒரு தோல். பொறக்கும்போதே கண்ணாடி போட்டுக்கிட்டு வந்திருக்கு."

அந்தத் தோல்தான் வினையாயிற்று. பாம்பு சட்டை உரிக்கும்போது கண்மேல் உள்ள தோலும் சேர்ந்து கழன்று வர வேண்டும், அடியில் புதுத் தோல் தயாராக இருக்கும். அதன் கண்கள் பால் படிந்ததுபோல் மங்கியதுமே, உரித்து முடிக்கும்வரை தொந்தரவு செய்யாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இவர் எதையும் பாதியில் நிறுத்துகிறவரா? நாள்கணக்கில் தொட்டி மூடியையே திறக்காமல் காவல் இருந்தார்.

விடுமுறை நாள் காலையில் நான் போனபோது மேஜையில் உரிந்த சட்டை கிடந்தது. ஒரே உறையாக வர வேண்டியது துண்டு துண்டாக வந்திருந்தது. தலைப் பகுதியை லென்ஸ் துடைக்கும் துணியில் விரித்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் அத்தான். வலது கண் இருந்த இடத்தில் குட்டி லென்ஸ் மாதிரி ஒரு வட்டம். இடது பக்கம் கிழிந்துபோய் ஒன்றுமே இல்லை.

"பழைய தோல் கண்ணுலயே நின்னுபோச்சு" என்றார். பாம்பைக் காட்டினார். வலது கண் பளபளவென்று இருந்தது. இடது கண்ணில் நகத்தால் அழுத்தியதுபோல் ஒரு சின்னப் பள்ளம்.

கடைக்காரருக்குப் போன் போட்டார். "நீங்க கைவைக்காதீங்க சார். ஈரத்துணியில வச்சிருங்க, அடுத்த தடவை உரிக்கும்போது வந்துரும். இல்லைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க."

பாம்பு பார்க்கிற டாக்டர் வெளியூர் போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். அத்தான் ஈரத்துணியில் வைத்துப் பார்த்தார். நனைத்த பஞ்சால் ஒத்திப் பார்த்தார். பள்ளம் அப்படியே இருந்தது.

"ஒரு வாரத்துல கண்ணு கெட்டுப்போச்சுன்னா? மாப்ள, பிடி."

"நானா?"

"கழுத்துக்குப் பின்னால ரெண்டு விரல். அழுத்தாத, தாங்கிக்க."

அவர் சொன்னபடி விரல்களை வைத்தேன். பாம்பு முதலில் என் மணிக்கட்டைச் சாவகாசமாகச் சுற்றியது. அவர் ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடியின் மூக்குத்தாங்கியைப் பொருத்துகிற, இடுக்கி மாதிரியான மெல்லிய சாமணத்தை எடுத்தார். அதன் நுனி ஊசியைவிடக் கூர்மை.

"டாக்டர் வரட்டுமே அத்தான். கண்ணு விஷயம்."

"என் கை என்னைக்காவது ஆடியிருக்கா?"

ஆடியதில்லை. அதுதான் என் பயமே. ஆடுகிற கையாக இருந்தால் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். வேண்டாம் என்று பாம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடலாம்தான். ஆனால் அந்த வீட்டில் அவர் கையைப் பிடித்துத் தடுத்தவர்கள் யாரும் இல்லை, எனக்கும் துணிச்சல் வரவில்லை. கோழை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாமணம் நெருங்கியது. பாம்பு நாக்கை நீட்டுவதை நிறுத்தியது. என் மணிக்கட்டைச் சுற்றியிருந்த உடம்பு முழுக்க இறுகிற்று. பந்தாக வேண்டும் என்று அது தலையை உள்ளே இழுத்தது, என் விரல்கள் விடவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணோரத்தில் நுனியை வைத்தார். ஒருமுறை வழுக்கியது. மறுபடி வைத்தார்.

"பிடி கிடைச்சிருச்சு" என்றார், ரகசியம்போல. "அசையாத. இப்ப வந்துரும்."

"ஏங்க, இதுக்குத் தண்ணி வைக்கிறதே இல்லையா?"

அக்காவின் குரல். கால் படாது என்றவள் திறந்த தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வாசலிலிருந்து எட்டிப் பார்த்தவள், பாம்பு எங்கள் கையில் இருக்கிற தைரியத்தில் உள்ளே வந்திருக்கிறாள். "கிண்ணம் எலும்பா காஞ்சு கிடக்கு. வாயில்லா ஜீவன், எத்தனை நாளா இப்படி?"

"சும்மா இரு" என்றார் அவர், திரும்பாமலே.

அவள் சும்மா இருக்கவில்லை. அடுப்படித் துணியால் கிண்ணத்தைப் பிடித்துத் தூக்கினாள். "சீ, அடியில இதோட தோல் வேற ஒட்டிக்கிட்டிருக்கு. மூஞ்சித் தோல் மாதிரி இருக்கு, கண்ணெல்லாம் தெரியுது."

அத்தான் சாமணத்தை இழுக்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, அதன் இரண்டு காலையும் பிரித்தார்.

எழுந்து போய் அந்தக் கிழிசலைக் கிண்ணத்திலிருந்து உரித்து ஜன்னலில் பிடித்தார். நடுவில் ஒரு வட்டம், குட்டி லென்ஸ் மாதிரி. இடது கண்ணின் பழைய தோல் எப்போதோ கழன்று கிண்ணத்தின் அடியில் கிடந்திருக்கிறது. அவர் பிடி கிடைத்தது என்று சொன்னது புதுத் தோலை. இழுத்திருந்தால் கண்ணே கிழிந்து போயிருக்கும். தண்ணீரில்லாமல் வற்றிப்போனதால்தான் அந்தப் பள்ளம், சட்டை துண்டு துண்டாக வந்ததும் அதனால்தான். கடைக்காரர் பிறகு சொன்னார்.

சாமணம் கீழே விழுந்தது. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்தார், அதுவும் நடுங்கியது.

அக்கா கிண்ணத்தைக் கழுவி நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள். நான் பாம்பைத் தொட்டிக்குள் விட்டேன். அது நேராகத் தண்ணீருக்குப் போய், தாடையை நனைத்துக்கொண்டு நெடுநேரம் குடித்தது. அக்கா நின்று முழுக்கப் பார்த்தாள். அத்தான் தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

இரண்டு நாளில் பள்ளம் மறைந்தது. தண்ணீர் வைப்பது இப்போது அக்காவின் வேலை. ஆனால் அவர் பக்கவாட்டில் கையை நீட்டினால்கூட அது பந்தாகிவிடுகிறது. அவர் கையை எடுத்துக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

கடைக்காரர் போன் செய்தபோது நான் அங்கே இருந்தேன். "கண்ணு சரியாயிருச்சா சார்?"

சரி பண்ணிட்டேன் என்றுதான் அவர் வாயிலிருந்து வரும், நாங்கள் கேட்டுப் பழகிய பதில் அது. அத்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டே குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"அது கெடவே இல்லைங்க" என்றார்.