எங்களுக்குப் போடாத மூன்று கதிரைகள்

எழுபதுகளின் நடுப்பகுதி. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, யாழ்ப்பாணத்தில் பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற காலம். ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை நானும் கணவரும் எங்கள் ஆறு வயது மகனும் நெடுந்தீவுக்குப் போனோம்.

நான் அப்போது நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நெடுந்தீவில் அந்தக் காலத்து அரசன் ஒருவனின் அரண்மனை இருந்த இடம் உண்டென்று வருடா வருடம் வகுப்பில் சொல்லிவந்தேன். ஒருநாள் ஒரு பிள்ளை எழுந்து, "ரீச்சர், நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டது. இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று பின்னேரமே கணவரிடம் பயணக் கதையை எடுத்தேன்.

அரண்மனையோடு இன்னொரு ஆசையும் சேர்ந்துகொண்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து குசினியில் அடுப்பருகே நின்றே சாப்பிட்டுப் பழகியவள் நான். ஒரு நாளாவது விரிப்புப் போட்ட மேசையில் இருந்து, வேறு யாரோ சமைத்ததை, வேறு யாரோ பரிமாறச் சாப்பிடவேண்டும் என்று கனகாலமாக மனதில் கிடந்தது. நெடுந்தீவில் முன்பு படிப்பித்த ஓர் ஆசிரியர், அங்கே பயணிகள் தங்கும் வாடிவீடு ஒன்று இருக்கிறது, முன்கூட்டியே எழுதிப்போட்டால் சமைத்து வைப்பார்கள் என்றார். "சுண்ணாம்பு அடிச்ச ஓட்டு வீடு, முன்னுக்கு விறாந்தை, கடலைப் பாத்தபடி இருக்கும்" என்று அடையாளமும் சொன்னார். இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை, மத்தியானச் சாப்பாடு என்று தபாலட்டை எழுதிப் போட்டேன்.

குறிகட்டுவான்வரை பஸ், அங்கிருந்து மோட்டார் வள்ளம். நெடுந்தீவில் இறங்கியதும் ட்ரக்டர் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டோம். வழி நெடுக முருகைக்கல் மதில்கள், சீமெந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கிக் கட்டியவை. ஏன் விழவில்லை, யார் கட்டியது, எத்தனை வருடம் நிற்கும் என்று ட்ரக்டர்காரரைக் கேள்வியால் துளைத்துக்கொண்டே போனேன். நான் ஒரு கேள்வி கேட்காமல் அரைமணி நேரம் இருந்தால் எனக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்ப்பவர் என் கணவர். அவர் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அரண்மனை என்று காட்டப்பட்ட இடத்தில் நின்றபோது எனக்கு அழுகை வராத குறை. வெட்டவெளி. இடுப்பளவுகூட இல்லாத கல் அடுக்குகள், நடுவில் பற்றைகள், அவற்றுக்குள்ளே மேய்ந்துகொண்டிருந்த நாலைந்து கட்டைக் குதிரைகள். மகனுக்குக் குதிரைகள் போதும். நான் விடவில்லை. கொலுமண்டபம் எந்தப் பக்கம், குசினி எங்கே, அரசன் எங்கே படுத்திருப்பான் என்று கேட்டுக்கொண்டே கல்லுக்குக் கல் தாவினேன்.

"அக்கா, நான் அப்ப பிறக்கேல்லை" என்றார் ட்ரக்டர்காரர்.

ஆனாலும் ஒரு இடத்தில் வட்டமாக அடுக்கிய அடித்தளக் கற்களைத் தொட்டுப் பார்த்தபோது உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. இதற்குமேல் என்ன இருந்தது என்று கற்பனை பண்ணிப் பண்ணி, பன்னிரண்டு மணி வெயில் தலையில் இறங்கியதே தெரியவில்லை. பசிதான் என்னை அங்கிருந்து கிளப்பியது.

ட்ரக்டர்காரர் எங்களைக் கோயிலடி ஒழுங்கையில் இறக்கிவிட்டு, வாடிவீடு கடற்கரைப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். கொஞ்சத் தூரம் நடந்ததும் கண்டேன். சுண்ணாம்பு அடித்த ஓட்டு வீடு, விறாந்தை, எதிரே கடல். படலை திறந்து கிடந்தது. விறாந்தையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. அதன்மேல் ஒரு கிளாசில் பூ. பெரிய கதிரைகள் இரண்டு, சின்னக் கதிரை ஒன்று. சின்னதில் பிள்ளைக்கு உயரம் காணாதென்று தலையணை வேறு வைத்திருந்தார்கள். நான் தபாலட்டையில் எழுதியது அப்படியே என் முன்னால் இருந்தது. பார்த்தீர்களா என்பது போலக் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க, வெயிலில் கறுத்து மெலிந்த ஒருவர் ஓடிவந்தார். "வாருங்கோ, வாருங்கோ" என்றதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவருடைய மனைவி செம்பில் தண்ணீரோடு வந்து, எங்களைப் படியில் நிற்கச் சொல்லி, மூன்று பேர் காலிலும் ஊற்றினார். கணவர் அவசரமாகச் சப்பாத்தைக் கழற்றினார். அந்த மனிதர் குனிந்து துவாயால் எங்கள் காலைத் துடைத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. புழுதிக் காலோடு உள்ளே விடமாட்டார்கள் போலும், என்ன சுத்தம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

சாப்பாடு வந்தது. பீங்கான் கோப்பைகளில் ஆவி பறக்கும் சிவப்பரிசிச் சோறு. சோறு! அந்த நாட்களில் எங்கள் வீட்டிலேயே கிழமைக்கு இரண்டு மூன்று தரம்தான் சோறு. நண்டுக் குழம்பு, விளைமீன் பொரியல், கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, சொதி. முதலில் பிள்ளைக்குத்தான் வைத்தார்கள். பட்டப்பகலில் மேசையில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பெரிய விடுதிகளில் அப்படித்தான் வைப்பார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். குசினி வாசலில் ஒரு வயதான அம்மாவும் இரண்டு சிறுமிகளும் வரிசையாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால் மனிதருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. "சொதிக்கு உப்புக் கொஞ்சம் கூட" என்றேன். நண்டு இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். பொரியல் முடிய, மீண்டும் கேட்டேன். அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் எடுத்துவந்தார். மூன்றாம் தரம் சோறு கேட்டபோது அவருடைய மனைவி குசினிக்குள் ஒரு கணம் தயங்கி நின்றதைக் கண்டேன். கண்டும் ஏனென்று யோசிக்கவில்லை. மகன் பாதிச் சோற்றோடு முகத்தைத் திருப்பினான். "ஏலாட்டி விடு ராசா" என்றேன். பக்கத்தில் நின்ற மனிதர் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பாயசமும் குடித்து, கை கழுவி, "எல்லாம் எவ்வளவு?" என்று நான் கேட்கவும், படலையடியில் ஆள் அரவம் கேட்கவும் சரியாக இருந்தது.

தோய்த்து வெளுத்த வேட்டியோடு ஒரு முதியவர். பின்னால் அவருடைய மகள் போல ஒரு பெண். அவள் கையைப் பிடித்தபடி, அளவுக்கு மிஞ்சிய பெரிய சட்டை போட்ட ஒரு சிறுமி. மூவரும் வெகுதூரம் நடந்து களைத்திருந்தார்கள். முதியவர் மேசையையும் எங்களையும் பார்த்தார்.

"உபதேசியார் வரச்சொன்னவர். ஆக்கள் இருக்கினம் போலை. நாங்கள் பிறகு வாறம்" என்று திரும்பப் புறப்பட்டார்.

வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய மனைவி என்னைப் பார்த்தார். அப்போதுதான், அன்று முழுவதும் கேள்வி கேட்டே திரிந்த நான், இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"இது வாடிவீடுதானே?"

"இல்லை அக்கா. அது அங்காலை, வளைவு தாண்டி. இது எங்கடை வீடு."

பிறகு வீட்டுக்காரப் பெண் சொல்லச் சொல்ல, எனக்கு நின்ற நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. முந்தைய வருடம் அவருடைய கணவர் மீன்பிடிக்கப் போன வள்ளத்தின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. ஒன்பது நாள் கடலிலே கிடந்திருக்கிறார். மழைத்தண்ணீரும் பச்சை மீனும்தான். அவர் உயிரோடு வந்தால் சூசையப்பர் திருநாளன்று ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை என்று ஏழைகள் மூன்று பேரைச் சூசையப்பரும் மாதாவும் பாலனுமான திருக்குடும்பமாக நினைத்து, கால் கழுவி, மேசையில் இருத்திச் சாப்பாடு கொடுப்பதாக மனைவி நேர்ந்திருந்தார். அன்றுதான் அந்தத் திருநாள். ஆட்களைத் தெரிந்தெடுப்பது, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார். யாரை அனுப்புகிறார் என்று வீட்டுக்காரர் விசாரிப்பதில்லை. வந்தவர்களை யார், எவர், எந்த ஊர் என்று கேட்பதும் இல்லை. பெத்லகேமில் வாசல் வாசலாக அலைந்தவர்களை அப்படித்தானே கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், அதனால் அந்த ஒரு நாள் கேட்கக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

"சப்பாத்தும் மணிக்கூடும் கட்டின சூசையப்பரை நான் முந்திக் காணேல்லைத்தான்" என்று என் கணவரைக் காட்டி அந்தப் பெண் சொன்னார். சிரிக்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்கடை நேர்த்தியைக் குழப்பிப்போட்டம்" என்றேன்.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். சட்டியில் நண்டு இல்லை. பொரியல் இல்லை. சோற்றுப் பானையில் மூன்று பேருக்குக் காணக்கூடிய சோறு மட்டும் இருந்தது. அது வாசலில் நின்ற சிறுமிகளும் அந்த அம்மாவும் வீட்டுக்காரரும் மனைவியும் சாப்பிட இருந்தது. விருந்தினர் சாப்பிட்டு முடியும்வரை வீட்டார் வாயில் தண்ணீர்கூட வைப்பதில்லையாம். சிறுமிகள் எங்களைப் பார்க்கவில்லை, நான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய கறியைப் பார்த்திருக்கிறார்கள்.

முதியவர் இன்னும் படலையடியில்தான் நின்றார். வீட்டுக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "அப்பு, நீங்கள் போகேலாது. உங்களுக்கு வைச்சிருக்கிற சோறு கிடக்கு" என்றார். அந்தச் சோறு யாருக்கு வைத்தது என்று எனக்கும் அந்தச் சிறுமிகளுக்கும் தெரியும்.

மனைவி மிச்ச மீனைத் தேடிக் குசினிக்குள் ஓட, செம்பு என் கையில் இருந்தது. எப்படி வந்ததென்று தெரியாது. முதியவர் படியில் வந்து நின்றார். உள்ளதைச் சொல்கிறேன்: எங்கள் பகுதியில் அப்படி ஒருவரைப் படலைக்கு வெளியே நிற்கவைத்துத்தான் எதையும் கொடுத்திருப்போம். எனக்கு முதுகு வளையவில்லை. ஒரு கணம்தான். அதற்குள் என் கணவர், அந்தப் பேசாத மனுஷன், துவாயை எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். "ஊத்தும்" என்றார் என்னைப் பார்த்து. ஊற்றினேன். வெடித்து, முள்ளுக் கீறிய அந்தக் கால்களை அவர் துடைத்தார்.

பிறகு அவர் வாடிவீட்டைத் தேடி ஓடினார். அங்கே எங்களுக்காகச் சமைத்து வைத்துக் காத்திருந்தது என்ன தெரியுமா? பாணும் பருப்புக் கறியும் அவித்த முட்டையும். அதை அப்படியே கடகத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மூவரும் மேசையில் இருந்து சோறும் கணவாயும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். சிறுமி மேசை விரிப்பில் சோறு சிந்திவிட்டுப் பயந்து என்னைப் பார்த்தபோது, சிந்தியதை நானே பொறுக்கி எடுத்தேன். அவர்கள் முடித்த பிறகு வீட்டார் குசினி நிலத்தில் குந்தியிருந்து பாணைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். மிஞ்சிய ஒரு முட்டையை அந்த அம்மா நூலால் நாலாக வெட்டிச் சிறுமிகளுக்கு வைத்தார்.

"மூண்டு பேருக்குத்தான் நேர்ந்தனான். ஆறு பேர் வந்திட்டினம்" என்றார் வீட்டுக்காரப் பெண். "சூசையப்பர் கோவிக்கமாட்டார், அக்கா. யோசியாதேங்கோ."

வீட்டுக்காரர் பாணைத் தொடவில்லை. விறாந்தைத் திண்ணையில் குந்தியிருந்து, என் மகன் மிச்சம் விட்ட கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சோறாக, ஆறுதலாக. நான் பதறிப்போய்த் தடுக்கப் பார்த்தேன்.

"விடுங்கோ அக்கா. திருக்குடும்பத்தின்ரை மிச்சம் வீட்டுக்காரனுக்குத்தான்" என்றார். பிறகு கோப்பையைப் பார்த்தபடியே, "ஒன்பது நாளும் நான் இறைச்சி, மீன் ஒண்டும் நினைக்கேல்லை. சோத்தைத்தான் நினைச்சனான்" என்றார்.

கடைசி வள்ளத்தைப் பிடிக்க அவரே எங்களோடு துறைக்கு வந்தார். கொஞ்சம் பிந்தியிருந்தோம், கயிற்றை அவிழ்க்க விடாமல் கத்திக்கொண்டு முன்னால் ஓடினார். வள்ளம் புறப்பட்ட பிறகு மகன், "அம்மா, அந்த மாமா ஏன் என்ரை எச்சிலைச் சாப்பிட்டவர்?" என்று கேட்டான். என் பிள்ளையல்லவா, கேட்காமல் விடுவானா.

திங்கட்கிழமை வகுப்பில் அரண்மனையைப் பற்றிச் சொன்னேன். கல் அடுக்குகளையும் குதிரைகளையும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன். இப்போதும் நான் ஓயாமல் கேள்வி கேட்கிறவள்தான். ஆனால் எந்த வீட்டில், எந்த விருந்தில் என்னை மேசைக்குக் கூப்பிட்டாலும், இருக்குமுன் வாய் திறவாமல் எனக்குள் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கதிரையை யாருக்காகப் போட்டார்கள், அவர் இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறாரோ?