மச்சான் பூட்ஸில் பதிவான பாட்டு

மிசிசிப்பியின் யாசூ ஆற்றங்கரைப் பருத்திக்காடுகளில் கிளியோபஸ் டார்வரைப் போல கிதார் வாசிக்க ஆளில்லை. கட்டைவிரல் தடித்த கம்பியில் ஏர் பூட்டிய கோவேறு கழுதை மாதிரி நிதானமாக நடக்கும். மற்ற விரல்கள் கோழிக்குஞ்சுகள் மாதிரி கண்டபடி ஓடும்.

1928இல் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வடக்கேயிருந்து வந்து, பட்டணத்து மரச்சாமான் கடை மாடியில் பாட்டுப் பதியும் மெஷினை வைத்தார். வெறுங்காலோடு அங்கே போனால் மானம் போய்விடும் என்று கிளியோபஸின் மனைவி ஜெனோபியா தன் தம்பியின் பூட்ஸை வாங்கி வந்து அவருக்கு மாட்டினாள்.

"கால் உள்ள போகலடி."

"பாதி போயிருக்கில்ல? மீதி போற வழியில போயிடும்."

போகவில்லை. தாளத்துக்குக் காலைத் தட்டும்போதெல்லாம் சுண்டுவிரல் நசுங்கி, வரிக்கு வரி "ஊஊய்" என்று ஒரு முனகல் வந்தது. கம்பெனிக்காரர் சொக்கிப்போனார்.

"அடிவயித்துலேருந்து வருதே அந்தச் சோகம், அதை மட்டும் விட்டுடாதப்பா."

"விட முடியலீங்க" என்றார் கிளியோபஸ்.

தட்டு நன்றாக விற்றது. அடுத்த கோடைக்குள் ஊருக்கு நாலு கிதார்காரர்கள் ஊஊய் என்று முனகிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை மாதம் மீன் வறுவல் விருந்தில் கிதார் போட்டி வைத்தார்கள். கிளியோபஸ் வெறுங்காலோடு உட்கார்ந்து, வாழ்நாளிலேயே அழகாக வாசித்தார். ஆர்கன்சாவிலிருந்து வந்த ஐசம் பெட்டிஸ் என்பவன் சுமாராக வாசித்து, ஊஊய் ஊஊய் என்று தரையில் உருண்டான். முதல் பரிசான பன்றித்தொடை ஐசமுக்குப் போயிற்று. கிளியோபஸுக்கு ஒரு கோழி.

ஐசம் ஆறுதல் சொல்ல வந்தான். "கை சுத்தமா இருக்குண்ணே. ஆனா டார்வர் பாணி உங்களுக்கு வரல."

"நான்தான்யா டார்வர். அது பூட்ஸ் கடிச்ச சத்தம்."

"இன்னிக்கு இப்படிச் சொல்ற மூணாவது ஆளு நீங்க."

ஜெனோபியா குறுக்கே வந்தாள். "என் தம்பி பூட்ஸ்தாம்ப்பா. மூணு வாரம் நொண்டினாரு இந்த மனுஷன்."

ஐசமின் முகம் தொங்கிவிட்டது. ஏழு மாதம் முனகிப் பழகியிருந்தான். கிளியோபஸுக்கே பாவமாகிவிட்டது.

"எனக்கு வலிச்சாத்தான் வரும். உனக்குச் சும்மாவே வருதே, அதுதான்யா திறமை."

அன்றே இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். பதினோரு வருஷம் விருந்துக்கு விருந்து இவர் வாசிக்க, அவன் முனகினான். முனகுகிறவன்தான் டார்வர் என்று நினைத்துக் கூட்டம் ஐசமை மொய்த்துக்கொள்ளும். கிளியோபஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த நேரத்தில் மீன் சட்டிப் பக்கம் ஆளே இருக்காது.