கூம்பு நத்தையும் என் மச்சானும்

என் தங்கை கணவரை ஊரே ஆமை என்றுதான் கூப்பிடும். பத்து நிமிட வேலையை ஒரு மணி நேரம் செய்வார். நான் கடலில் முங்கி எடுத்து வரும் சங்கு, சிப்பிகளைச் சுத்தம் செய்து கடைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். அவர் அனுப்பிய சரக்கை எந்தக் கடைக்காரரும் திருப்பியதில்லை. எனக்குத்தான் அந்த நிதானத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கூம்பு நத்தைக்குத் தனி வாளி வைத்திருந்தார். ஓட்டில் கண்ணைப் பறிக்கும் பூவேலை. உள்ளே இருப்பதோ மீனை விஷ ஊசியால் குத்தி விழுங்கும் பிராணி. கொதிக்க வைத்தால் பளபளப்பு போய்விடும் என்று, நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போடுவார். நாற்றம் அடித்த பிறகுதான் கம்பியை விட்டுச் சதையை இழுப்பார்.

அன்று இரண்டாம் நாள். சாயங்காலம் கடைக்காரர் வருகிறார்.

“எடுங்க மச்சான், அதெல்லாம் எப்பவோ செத்திருக்கும்” என்று நச்சரித்தேன்.

“இன்னும் நாறலையே.”

“பயமா இருந்தா தள்ளுங்க, நான் எடுக்கறேன்.”

அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது. ஓட்டை உள்ளங்கையில் வைத்துக் கம்பியை எடுத்தார். “கொசு கடிச்ச மாதிரி இருக்கு” என்றார். நான் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது. இமை தொங்கியது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

தங்கை தரையில் மண்டியிட்டு அவர் வாயில் வாய் வைத்து ஊதினாள். முங்குகிறவர்களின் குடும்பத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்த பயிற்சி. நான் அதற்குப் போகவே இல்லை. அவள் ஊத ஊத, அவர் கட்டையாகக் கிடந்தார்.

“விட்டுடும்மா, அவர் போயிட்டாரு” என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

“தள்ளுண்ணே!” முழங்கையால் என்னை இடித்துவிட்டு மறுபடி குனிந்தாள். வண்டி வரும்வரை நிறுத்தவில்லை.

அந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும், நினைவு தப்பாமலே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள், மூச்சுக்காக வாயில் செருகியிருந்த குழாயை எடுத்தார்கள். கட்டிலருகே போய் நின்றேன்.

“நீங்க அவளைப் பிடிச்சு இழுத்தப்போ,” என்றார், அதே நிதானத்தோடு, “வேணாம் வேணாம்னு உள்ளுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தேன் மச்சான்.”