வாரத்துக்கு வைத்த முட்டைகள்

பத்தடி நடந்து வந்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கீச்சுக் குரல் பின்னாலேயே வருகிறது. பேருந்து நிலைய வாசலில் ஒருவர் மொபெட்டில் அட்டைப்பெட்டி கட்டி, சாயம் பூசிய கோழிக்குஞ்சு விற்கிறார். ரோஜா நிறம், பச்சை, நீலம். விலை கேட்கக்கூட நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் பெட்டிக்குள் முகத்தை விட்டிருப்பேன். குஞ்சின் தூவிக்கு ஒரு வாசம் உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ: வெயிலில் காய்ந்த தவிடும் கொஞ்சம் எச்சமும் கலந்த வாசம். அது என்னைக் காவாந்தண்டலத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே போக எனக்கு இன்றும் முகமில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். லாரி கிளீனர், ஓட்டலில் மேசை துடைப்பு, கிணறு வெட்டுகிறவர்களோடு மண் சுமப்பு என்று எதிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. காவாந்தண்டலத்துப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலைக்கு வந்தேன். ஆலையின் பின்புறம் சிந்திக் கிடந்த நொய்யைப் பார்த்ததும் கோழிப் பைத்தியம் பிடித்தது. கூட வேலை செய்தவர்கள் சம்பளத்தைச் சீட்டாட்டத்தில் விட்டார்கள். நான் கோழியில் விட்டேன். வெள்ளை லெகார்ன், செங்கல் நிறத்தில் ரோட் ஐலண்டு, கன்னங்கரேலென்று மினார்க்கா. ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி, நடுவில் மூங்கில் தட்டி. அந்தப் பெயர்களைச் சொல்வதிலேயே எனக்கு ஒரு பவிசு.

இந்தச் சீமைக் கோழிகளிடம் ஒரு குறை. முட்டை போடும், அடை உட்காராது. போட்ட இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரை பொறுக்கப் போய்விடும். என் குணமும் ஏறக்குறைய அதுதான் என்பதால் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அடைக்கோழி தேடி ஊர்க்கோடியில் இருளர் குடியிருப்புக்குப் போனேன். அங்கே கன்னியம்மா அக்கா. நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போகிறவர். இடுப்பில் எப்போதும் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருப்பார், வலி. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோழி. சாம்பல் நிறம், குட்டைக் கால். வாத்து முட்டையை வைத்தாலும் பொரித்துத் தரும் என்று பேர் எடுத்தது.

"முட்ட போடத்தான் தெரியும், புள்ள வளக்க எங்கூட்டு கோயி வோணுமா உன் வெள்ளக்காரிங்களுக்கு?" என்றார்.

"ஆமாக்கா. வாரத்துக்கு வச்சிக்கலாம்."

வாரம் என்றால் முட்டை என்னுடையது, கோழி அவருடையது, குஞ்சில் ஆளுக்குப் பாதி. பொரித்த அன்றே பிரிக்க மாட்டார்கள். தாய்க்கோழி தானாகவே குஞ்சுகளைக் கொத்தி விரட்டும் நாள் ஒன்று வரும். அன்றைக்குத்தான் பங்கு. ஒற்றைப்படையில் மிஞ்சுவது கோழிக்காரருக்கு.

பதினோரு முட்டை வைத்தோம். கூடையில் மணல், மேலே வைக்கோல், இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும். ஒன்பது பொரித்தன. மஞ்சள், செம்மண், கறுப்பு என்று மூன்று நிறத்தில் அவை சாம்பல் கோழியின் பின்னால் ஓடியதை வயலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னாம்மே, உன் கோயி எந்தெந்த ஊருக்குப் போய்ட்டு வந்துச்சி?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க போனாலும் சொல்லிட்டுதான் போச்சி. உன்னாட்டம் வூட்டுக்குத் தெரியாம போவல" என்றார் அக்கா. கேட்டவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

மாலையில் போனால் ஒரே பேச்சுத்தான். "அஞ்சு எனக்கு வரும்ல? அதுங்க முட்ட வுட ஆரம்பிச்சா, அடுத்த நடவுக்கு நான் குனிய மாட்டம்பா." எனக்கும் அந்த ஊரில் பதினோரு மாதம் ஆகிவிட்டிருந்தது. ஆலைக்காரரிடம் நிலையாக ஓர் அறை கேட்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

பங்கு நாள் நெருங்கியபோது சந்தையில் ஒரு சேவலைப் பார்த்தேன். ஆள் முழங்கால் உயரம், பொன் கழுத்து. பாதி விலை. "வூட்ல கண்ணாலம் நைனா, இல்லாங்காட்டி குடுப்பனா?" என்றான் விற்றவன். நேராக அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"சந்தக் கோயிய நம்பாதப்பா. ஒரு வாரம் தனியா கட்டி வையி."

"நல்லாத்தான் கீதுக்கா. கண்ணப் பாரு, நெருப்பாட்டம்!"

கோழி வளர்க்கிற எவருக்கும் தெரிந்த பாடம் அது. எனக்கும் தெரியும். காட்டிக்கொள்ள ஆசை, பொறுக்க முடியவில்லை. கால் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். சேவல் மிடுக்காக நடந்தது. சாம்பல் கோழி இறக்கையை விரித்துக்கொண்டு அதன்மேல் பாய்ந்தது. அக்காவும் சிரித்துவிட்டார்.

நாலாம் நாள் சேவல் அக்கா வீட்டு வாசலிலேயே கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. வெள்ளைக் கழிச்சல், கோழிக்குக் கோழி தொற்றுகிற நோய். அந்த வாரத்திலேயே குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கிச் சாய்ந்தன. அக்கா சின்ன வெங்காயமும் மிளகும் நசுக்கி அலகில் ஊட்டினார். சாம்பல் கோழி கடைசியாகப் போனது. அன்று காலையில் நான் போனபோது அக்கா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உன் பங்கயும் சேத்துப் பொதச்சிட்டேன்" என்றார். திட்டவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார்.

என் ஆறு கோழிகளையாவது அவரிடம் கொடுத்திருக்கலாம். இது இப்போது தோன்றுகிறது. அன்று அவற்றை ஆலைக் காவலாளியிடம் தள்ளிவிட்டு, மறுநாள் துணிப்பையோடு கிளம்பினேன். வரப்பு வழியே போகும்போது நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்திருந்த பெண்களில் இடுப்பில் துணி கட்டிய ஒருத்தியும் இருந்தாள். கூப்பிடவில்லை. மாகறல் வழியாக நடந்து ஓரிக்கைக்கு வந்தபோது இருட்டிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் அந்த ஊர்க்காரர் ஒருவர் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். வாரத்துக்குக் கோழி வைக்கிற வழக்கமே இப்போது இல்லையாம். குஞ்சு பெட்டியில் வருகிறதாம், இளைஞர்கள் அடைக்கோழியைப் பார்த்ததே இல்லையாம். அக்காவைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஓரிக்கையில் அன்றிரவு கடை வாசலில் படுத்து எழுந்த என்னை, மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று ஒருவர் கூட்டிப்போனார். போன பிறகுதான் தெரிந்தது, கோழிப் பண்ணை. கண்ணுக்கெட்டிய வரை ஒரே வெள்ளை. தாய் என்று ஒன்று கிடையாது. குண்டு பல்புகளுக்குக் கீழே குஞ்சுகள் நெருக்கிக்கொண்டு நின்றன.

"கோயி வளத்துப் பயக்கம் கீதா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

வாசலில் சிமெண்டுத் தொட்டி, அதில் பால் போல் மருந்துத் தண்ணீர். "கால நனச்சிக்கினு வா. வெளிய இருந்து சீக்கு ஒட்டிக்கினு வந்தா உள்ள ஒண்ணு தங்காது" என்றார்.

இறங்கி நின்றேன். கணுக்கால் வரை சில்லென்று ஏறியது. இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று தோன்றியது.

"இன்னாய்யா, குளிக்கிறியா? வா, மூட்டைய எடு."

ஈரக் காலோடு உள்ளே போய் முதல் மூட்டைக்குத் தோள் கொடுத்தேன்.