தங்கை வீட்டு அயன்பாக்ஸ் பிளக்

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நான் எலக்ட்ரீஷியன். ஆலையில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் கத்தித் தீர்த்துவிடுவேன். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், அங்கே மட்டும் சூடு ஏறும், கரண்ட் கூடாததால் ஃப்யூஸும் போகாது, யாருக்கும் தெரியாமல் கருகிக்கொண்டே இருக்கும் என்று கூட வேலை பார்க்கிறவர்களுக்குப் பாடமே நடத்துவேன். பெரிய மேதாவி!

என் தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். கணவர் இறந்த பிறகு வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துத்தான் பிழைப்பு. ஒருநாள் காலையில் போன் செய்தாள்.

“அண்ணே, அயன்பாக்ஸ் பிளக்கு கை வைக்க முடியாமச் சுடுது. லூஸா வேற ஆடுது. செத்த வந்து பாத்துட்டுப் போங்களேன்.”

எனக்கு அன்று விடுமுறைதான். பஸ் ஏறச் சோம்பல்.

“இதுக்குப் போயி ஏன்ட்டி பதறுத? தீக்குச்சி ஒண்ண, மருந்த ஒடிச்சுப்போட்டுட்டு, பின்னு பக்கத்துல செருகு. ஆடாம நின்னுக்கிடும். ஞாயித்துக்கிழமை வாரேன்.”

எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் வைத்தியம். குச்சி செருகினால் பிளக் ஆடாது, அவ்வளவுதான். உள்ளே பின் சரியாகத் தொடாது. அயன்பாக்ஸ் கம்பிச்சுருளில் மட்டும் வரவேண்டிய சூடு பிளக்கிலும் வந்துகொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. திங்கள் மதியம் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். அடித்துப் பிடித்து ஓடினேன். பிளக் உருகித் தீப்பிடித்து, கீழே மேசையில் மடித்து வைத்திருந்த கல்யாண ஜாக்கெட்டுகள்மேல் விழுந்திருந்தது. நல்லவேளை, தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டுத்துணி அத்தனையும் போயிற்று.

கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். “பிளக்குல குச்சியச் செருகுவாளா ஒருத்தி? எந்தக் கிறுக்கன் சொன்னான் ஒனக்கு?”

தங்கை என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “யாரும் சொல்லலக்கா. நானாத்தான் செருகுனேன்” என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். ‘நான்தான் சொன்னேன்’ என்று ஒத்துக்கொள்ளாமல், குனிந்து கருகிய துணிகளை அள்ளினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

அதன்பிறகு அந்தத் தெருவில் யாரும் அவளிடம் துணி கொடுப்பதில்லை. “கருக்கிப்புடுவா” என்கிறார்களாம். இப்போது தினமும் பஸ் ஏறி, ஒரு தையல் கம்பெனிக்குப் போய், நாள் முழுக்க அடுத்தவர் மிஷினில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கிறாள்.

போன மாதம் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மனசு தாங்காமல் கேட்டேன். “அண்ணன்தான் சொன்னாருன்னு அன்னைக்கே சொல்லிருக்கலாம்லட்டி?”

“அதெப்படிண்ணே? ஒங்களுக்கு இந்த வேலைதான. எலக்ட்ரீஷியனே இப்படிச் சொன்னாருன்னு பேரு கெட்டா, பொறவு யாரு ஒங்கள நம்பி வேலை குடுப்பா?”

கோபமே இல்லாமல் சொன்னாள். அவளிடம் துணி கொடுப்பதை நிறுத்திவிட்ட எதிர்வீட்டுக்காரர்களின் கதவு திறந்துதான் கிடந்தது. அப்போதாவது போய், குச்சி செருகச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.