ராத்திரி பத்து மணிக்கு நான் அனுப்பிய நினைவூட்டல்

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், அதுவரை சேர்த்த தரவு முழுவதும் தப்பு என்று தெரிந்தது. தப்பு என்னுடையது.

சிதம்பரத்தில், மாணவிகளின் செல்போன் பழக்கத்தையும் தூக்கத்தையும் பற்றிய ஓர் ஆய்வில் நான் களப்பணியாளர். மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ். ஒன்றரை வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறேன். ஆறு மாத ஒப்பந்தம்தான். பிரசவத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை என்பதால், எதிலும் குறை வந்துவிடக் கூடாது என்று பயம்.

ஹாஸ்டல் பெண்கள் நாற்பது பேர். முந்தைய நாள் எப்போது படுத்தார்கள், எப்போது தூங்கினார்கள் என்று தினமும் ஆன்லைன் படிவத்தில் நிரப்ப வேண்டும். சிலர் மறந்தார்கள். கட்டங்கள் காலியாக இருந்தால் ஆய்வை நடத்தும் மேடம் என்ன நினைப்பாரோ என்று, ராத்திரி பத்து மணிக்கு குரூப்பில் நினைவூட்டல் போட ஆரம்பித்தேன். நிரப்பாதவர்களுக்குப் பத்தரைக்கு இன்னொன்று. யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரே வாரத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பின. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் நேர்காணல். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண் வனிதா, இரண்டாம் ஆண்டு. தூங்கும்போது போனை எங்கே வைப்பாய் என்று கேட்டேன்.

"முன்னாடி ஜன்னல் பக்கம் சார்ஜ் போட்டுட்டுப் படுத்துருவேங்க்கா. இப்ப தலமாட்டுலதான். உங்க மெசேஜ் வருமுல்ல. ஃபார்ம் போட்டுட்டு, அப்படியே ரெண்டு ரீல்ஸ். ரெண்டுன்னுதான் ஆரம்பிக்கும்."

பக்கத்தில் இருந்த அறைத்தோழி விடவில்லை. "தூங்கப் போன புள்ளய எழுப்பி, தூங்குனியான்னு கேக்குறீங்கக்கா."

சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இவள் ஒருத்திதானோ என்று இன்னும் நான்கு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் அதையேதான் சொன்னார்கள்.

சொன்னால் இரண்டு வார உழைப்பு போகும், ஒப்பந்தமும் போகலாம். சொல்லாவிட்டால், இந்தப் பெண்கள் செல்போனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வு சொல்லும். அதில் என் பங்கு யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர், "அவுங்களே கேக்கல, நீயா ஏன் போய் சொல்ற?" என்றார். அதுவும் சரிதானே என்று ஒரு மணி நேரம் தோன்றியது. பிறகு, எந்த நாள் எத்தனை மணிக்குச் செய்தி போட்டேன் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்.

மறுநாள் காலை மேடம் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "இந்த ரெண்டு வாரத்த எடுத்துடலாம். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்," என்றார்.

"என் வேலை, மேடம்?"

"முதல்லேருந்து ஆரம்பிக்க ஆள் வேணாமா?"

இப்போது காகிதப் படிவம். காலை டிபன் வரிசையில் கொடுத்து, அங்கேயே வாங்கிக்கொள்கிறேன். புதிதாகக் களப்பணிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: காலிக் கட்டமும் ஒரு பதில். அதைப் பார்த்து நமக்கு வரும் பயத்தை அடுத்தவர் படுக்கை வரைக்கும் அனுப்பக் கூடாது.

என் தாள்களில் தினமும் ஆறேழு கட்டங்கள் காலி. அப்படியே மேடம் மேஜையில் வைத்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன்.